சூடேறியதும் ரேஸ் தூக்கி நின்றுபோன செயின்சா

2024 மே மாதக் கடைசியில், சீவலப்பேரிப் பக்கம் மரம் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் அண்ணாச்சி ஒருவர், தம் செயின்சாவை உரச்சாக்கில் சுற்றி, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மிஷினோடு ஒரு பாலித்தீன் பையும் இருந்தது. அதற்குள் ஒரு பழைய கார்புரேட்டர். நகரத்தில் ஒரு மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டதாகவும், இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய மிஷின் மூன்றாம் நாள் பழைய குணத்துக்கே திரும்பிவிட்டதாகவும் சொன்னார். "கார்புரேட்டர மாத்தியும் இப்படிக் கெடந்து கத்துது. இன்னும் எத மாத்தணும்னு நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மிஷின் ஏறத்தாழ 60 சிசி. செயின் ஓடும் தகடான பார் 18 அங்குலம். அண்ணாச்சி சொன்ன குறைகளை நான் அப்படியே சிலேட்டில் எழுதிக்கொண்டேன். காலையில் குளிர்ந்திருக்கும்போது நான்கைந்து இழுப்பில் எடுத்துவிடுகிறது. பத்து நிமிடம் உடைமரம் அறுத்த பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்குவதில்லை. தானாகக் கத்திக்கொண்டே இருந்து, பிறகு தொய்ந்து அணைந்துவிடுகிறது. அந்தச் சூட்டோடு கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எடுப்பதில்லை. அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டால் மறுபடி எடுக்கிறது. இவ்வளவையும் வரிசை மாறாமல் சொல்லக்கூடிய வாடிக்கையாளர் கிடைப்பது அரிது. பெரும்பாலானவர்கள் "ஓட மாட்டேங்குது" என்ற ஒற்றைச் சொல்லோடு மிஷினை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சூடானால் நிற்பது என்ற ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டால், பிளக்குக்குக் கரண்ட் தரும் காயில் (coil) சூட்டில் விட்டுப்போவது, பெட்ரோல் டாங்கின் மூச்சுத்துளை அடைபடுவது, எங்கோ காற்று உள்ளே இழுப்பது ஆகிய மூன்றின்மேலும் சந்தேகம் வரும். ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்பது என்பது, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். காயில் பழுதானால் என்ஜின் அடங்குமே தவிர வேகம் எடுக்காது. எனவே என் மனம் காற்றுக் கசிவின் பக்கம் சாய்ந்தது. மனம் சாய்ந்துவிட்டது என்பதற்காக மற்ற இரண்டையும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய அனுபவங்கள் கற்றுக்கொடுத்திருப்பதால், அவற்றையும் பார்த்துவிட்டே மேலே போனேன்.

அதற்கும் முன்னால் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான பெட்ரோலை எல் என்ற திருகும், முழு வேகத்துக்கானதை எச் என்ற திருகும் கட்டுப்படுத்துகின்றன; திறக்கத் திறக்கப் பெட்ரோல் கூடும். இரண்டையும் மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் உட்காருகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். இந்த வகைக் கார்புரேட்டரில் இரண்டும் ஒரு சுற்று திறந்திருப்பதே தொடக்க அளவு. இதில் எச் இரண்டே கால் சுற்றும், எல் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் திறந்திருந்தன. புது கார்புரேட்டருக்கு இவ்வளவு பெட்ரோல் தேவைப்பட்டிருக்கிறது என்றால், கார்புரேட்டர் வழியாக வராத காற்று வேறு எங்கோ நுழைகிறது என்றுதான் பொருள். முதலில் பார்த்தவர், மெலிந்த கலவையைத் திருகைத் திறந்து சரிக்கட்டியிருக்கிறார். கசிவு சிறிதாக இருந்த இரண்டு நாள் அந்தச் சரிக்கட்டல் தாங்கியிருக்கிறது. எண்ணாமலே திருகைத் திருப்பியிருந்தால் இந்தச் சாட்சியம் என் கையாலேயே அழிந்திருக்கும்.

பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கவில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். டாங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ டி ஆயில் அதில் இருக்காது. ஆகவே மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலை நான் யாருடைய மிஷினிலும் ஊற்றுவதில்லை. ஆயில் அளவைக் கேட்டபோது, "லிட்டருக்கு ஒரு மூடி" என்றார் அண்ணாச்சி. நல்ல தர ஆயிலானால் லிட்டருக்கு 20 மில்லியும், சாதாரண டூ டி ஆயிலானால் 40 மில்லியும் என்பதே கணக்கு. அவருடைய மூடியை ஊசிக்குழலால் அளந்து பார்த்ததில் 30 மில்லி பிடித்தது. எந்தக் கணக்கிலும் சேராத அளவு என்றாலும், இந்தக் குறைக்குக் காரணமாகக்கூடிய அளவு அன்று.

மூச்சுத்துளையைச் சோதிப்பது எளிது. மிஷினை ஓடவிட்டு, அது தொய்யத் தொடங்கும் நேரத்தில் டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தினேன். அடைப்பிருந்தால் உடனே உயிர் வந்திருக்கும், வரவில்லை. அணைந்த கையோடு, கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வேறொரு புது பிளக்கை வயர் மூடியில் மாட்டி, சிலிண்டர் துளையிலிருந்து தள்ளி மிஷினின் உலோக உடலில் அணைத்துப் பிடித்துக் கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. சூட்டிலும் கரண்ட் வருகிறது என்பதால் காயிலும் பட்டியலிலிருந்து நீங்கியது. கழற்றிய பழைய பிளக்கின் பீங்கான் மூக்கு சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. மெலிந்த கலவையில் வெந்த பிளக் இப்படித்தான் இருக்கும்.

அடுத்து சைலன்சரைக் கழற்றினேன். வாயிலிருந்த தீப்பொறி வலையில் பாதி கரி அடைத்திருந்தது. அதைத் தனியே சுட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாயிற்று. சைலன்சரைக் கழற்றுவதில் எனக்கு இருந்த முதல் நோக்கம் வலை அன்று, அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பார்ப்பது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, எக்ஸாஸ்ட் பக்கத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் நாலைந்து விழுந்திருந்தன, ரிங் ஒட்டிக்கொள்ளவில்லை. கம்ப்ரஷன் கேஜ் மாட்டி முழுத் திராட்டிலில் ஆறு முறை இழுத்ததில் 125 பி.எஸ்.ஐ. காட்டியது. 90க்குக் கீழே போனால்தான் இந்த அளவு மிஷின் எடுக்கத் தகராறு செய்யும். ஆகவே பிஸ்டன் காயப்பட்டிருந்தாலும் இன்னும் பிழைக்கும் நிலையில்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருந்தால் சிலிண்டரோடு பிடித்திருக்கும் என்று நான் சொன்னபோது, அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் மிஷினை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் அறையும் ஒரு பம்பாகவே வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. கீழே இறங்கும்போது அந்தக் கலவையை அழுத்திச் சிலிண்டருக்குள் ஏற்றுகிறது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 முறையும், முழு ரேஸில் 13,000 முறைக்கும் மேலாகவும் இந்த இழுப்பும் அழுத்தமும் மாறி மாறி நடக்கின்றன. இந்த அறைக்குக் கார்புரேட்டர் ஒன்றே வாசலாக இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி அடைக்கும் சீல், கேஸ்கட், கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர் இன்டேக், அறையின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாய் ஆகியவற்றில் எங்காவது நூலளவு வழி கிடைத்தாலும் வெறும் காற்று நுழைந்துவிடும். வெறும் காற்றோடு பெட்ரோல் வருவதில்லை. பெட்ரோல் வராதபோது அதில் கரைந்த ஆயிலும் வருவதில்லை. கூடுதல் சூடும் குறைந்த ஆயிலும் ஒரே நேரத்தில் பிஸ்டனைத் தாக்குகின்றன. இந்த மிஷின்களில் பிஸ்டன் பிடிப்பதற்கு ஆயில் ஊற்ற மறந்ததே காரணம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். என் பட்டறைக்கு வந்தவற்றில் ஆயில் சரியாக ஊற்றியும் காற்று இழுத்துப் பிடித்தவை குறைவில்லை.

கசிவைப் பிடிக்கக் கம்பெனி விற்கும் சோதனைக் கருவி என்னிடம் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பம்பையும் கடிகார முள்ளையும் சில ஆண்டுகளாக இதற்குப் பயன்படுத்தி வருகிறேன். அதன் முழு அளவான 300 மி.மீ. பாதரசம் ஏறத்தாழ 0.4 பார் அழுத்தத்துக்குச் சமம். சிறிய என்ஜினுக்கு அது போதும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, இன்டேக் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரும் அதன்மேல் ஓர் இரும்புத் தகடும் வைத்து முடுக்கினேன். சைலன்சருக்கு அடியிலும் அதேபோல் ரப்பர் வைத்து எக்ஸாஸ்ட்டை அடைத்தேன். பிளக்கை இறுக்கிவிட்டு, கைப்பம்பின் குழாயை இம்பல்ஸ் குழாயில் மாட்டிக் காற்றடித்தேன். முதல் முறை முள் நிற்கவே இல்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிந்தது என்னுடைய இன்டேக் தகடுதான். அது சற்று வளைந்திருந்தது. தட்டி நேராக்கி மறுபடி அடித்ததும் முள் 300இல் ஏறி, இரண்டு நிமிடமாகியும் அசையாமல் நின்றது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால், கசிவே இல்லை என்று முடிவு கட்டி நானும் மறுபடி கார்புரேட்டரைத்தான் நோண்டியிருப்பேன். கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதடு உள்நோக்கி அமைந்திருப்பது. உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தால் அந்த உதடு தண்டோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெற்றிடம் உண்டாகும்போதுதான் தளர்ந்த உதடு விலகி வழிவிடும். எனவே இழுத்தும் பார்த்தாக வேண்டும். பக்கத்துக் கடையில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் மைத்துனரிடம் வெற்றிட அளவும் காட்டும் கேஜ் ஒன்றை வாங்கிக்கொண்டேன். மருந்துக்கடையில் 60 மில்லி ஊசிக்குழல் ஒன்றும், குளுக்கோஸ் ஏற்றும்போது மாட்டும் மூன்று வழித் திருப்பி ஒன்றும் கிடைத்தன. ஊசிக்குழலால் இழுத்து, திருப்பியை மூடி, வெளியே தள்ளி, மறுபடி இழுத்தால் நாலைந்து இழுப்பில் 15 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் வந்துவிடுகிறது. அது ஏறத்தாழ அரை பார். கையை எடுத்தேன். ஆறு நொடிக்குள் முள் பூஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. தண்டின் ஒரு முனையில் இருக்கும் காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுத்தபோது 15 வரை ஏறவே இல்லை.

இரண்டு பக்க சீல்களில் எது என்று அறிய, மேக்னட் பக்கத்தைத் திறந்து, சீல் உதட்டைச் சுற்றிக் கெட்டியான செயின் ஆயிலைச் சொட்டுவிட்டு இழுத்தேன். ஆயில் அப்படியே நின்றது, முள் முன்போலவே விழுந்தது. கிளட்ச் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. அங்கே சீலைப் பார்க்கவே கிளட்ச்சையும் ஆயில் பம்பையும் கழற்றியாக வேண்டும். கிளட்ச்சின் மரை இடங்கை மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பேட்டை ஐ.டி.ஐ. முடித்துத் தொழிலுக்கு வந்த புதிதில், இது தெரியாமல் எதிர்த்திசையில் திருப்பி ஒரு தண்டின் மரையையே நாசம் செய்திருக்கிறேன். பிஸ்டனை நிறுத்திவைக்கப் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விடுவது என் வழக்கம். ஆனால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையை மூடித் தாண்டிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு துளையில் மாட்டி நறுக்குண்டு, துண்டு உள்ளே விழுந்துவிடும்.

ஆயில் பம்பை எடுத்ததும் அதற்குப் பின்னால் சந்தன நிறத்தில் நைசான வண்டல் அப்பியிருந்தது. மரத்தூளும் செயின் ஆயிலும் கலந்த வழக்கமான கறுப்பு அழுக்கு அன்று அது; விரலால் தேய்த்தால் நறநறத்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "2023 டிசம்பர் வெள்ளத்துல செட்டோட முங்கிட்டுல்லா தம்பி. தண்ணி வடிஞ்சதும் கழுவித் தொடச்சு, வெயில்ல காய வச்சுத்தான் ஓட்டுனேன்" என்றார். சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடம் சீவலப்பேரி. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் அப்பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியே கழுவியிருக்கிறார், பெட்ரோல் டாங்கையும் அலசியிருக்கிறார். கிளட்ச்சுக்குப் பின்னால் தங்கிய வண்டல் அவர் கண்ணுக்குப் படவில்லை. அது சீல் உதட்டைச் சிறுகச் சிறுக அறுத்திருக்கிறது. ஈரத்தோடு நின்ற நாட்களில் தண்டில் உதடு படும் இடத்தில் வளையம்போல் துருவும் ஏறியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய மிஷின் வந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிளட்ச் வரை பிரித்துக் கழுவுவதை அன்றுமுதல் நான் கட்டாயமாக்கிக்கொண்டேன்.

பழைய சீலின் தகட்டில் சிறிய திருகு ஒன்றை ஏற்றி, அதைக் குறடால் பிடித்து நிமிண்டி எடுத்தேன். தண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முழு வேலையும். துரு வளையத்தை 1000 எண் உப்புத்தாளால் தண்டைச் சுற்றிவரும் திசையிலேயே தேய்த்தேன். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே காற்றுக்கு வாய்க்கால் ஆகிவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பேரிங் கடையில் அளவு சொல்லிக் கேட்டபோது கறுப்பு ரப்பர் சீலை எடுத்து நீட்டினார்கள். பெட்ரோலும் சூடும் படும் இடத்துக்கு வைட்டான் ரப்பர்தான் வேண்டும் என்று கேட்டு, அரை மணி நேரம் காத்திருந்து பழுப்பு நிறத்தில் ஒன்றைத் தேடி வாங்கினேன். விலை வித்தியாசம் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு அளவுதான். தண்டின் மரை புது உதட்டைக் கிழித்துவிடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தண்டில் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, அளவான குழாய்த்துண்டு வைத்துத் தட்டி இறக்கினேன். பழைய சீல் இருந்த ஆழத்துக்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அப்போதுதான் புது உதடு துரு அரித்த தடத்தில் உட்காராது. மறுபடி ஊசிக்குழலால் இழுத்தேன். 15இல் நின்ற முள் இரண்டு நிமிடத்தில் 14க்குத்தான் இறங்கியது.

கார்புரேட்டர் விஷயத்தில் நான் எடுத்த முடிவு அண்ணாச்சிக்கு வேடிக்கையாக இருந்தது. புதியதாகப் போட்டிருந்த விலை மலிந்த நகலைக் கழற்றிவிட்டு, பையில் கிடந்த பழையதையே திரும்ப மாட்டினேன். பழையதில் இருந்த குறை, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்திருந்தது மட்டுமே; விரலால் அழுத்தினால் அப்பளம்போல் சத்தம் கொடுத்தது. துளைகளும் மரைகளும் புதியதைவிடச் சுத்தமாக இருந்தன. மதுரையிலிருந்து ரிப்பேர் கிட் வரவழைத்து, இரண்டு டயாஃப்ரங்களையும் ஊசியையும் மாற்றி, உள்ளே இருக்கும் பொடிவலையைக் கழுவி, ஊசியின் நெம்புகோல் அறையின் தளத்தோடு சமமாக இருக்கும்படி வைத்தேன். எல், எச் இரண்டையும் ஒரு சுற்றில் நிறுத்தி ஸ்டார்ட் செய்ததும், சூடேறிய பிறகும் ரேஸ் உடனே இறங்கியது. எல் திருகில் வேகம் உச்சம் தொடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திறந்தேன். செயின் நகராமல் நிற்கும்படி ஐடில் திருகை வைத்தேன். எச் திருகுக்குக் காதுதான் கருவி. சுமையில்லாமல் முழு ரேஸ் கொடுக்கும்போது ஒலி நடுநடுவே தட்டுப்பட்டுக் குமுற வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தக் குமுறல் மறைந்து ஒரே சீராக வேண்டும். சுமையில்லாமலே ஒலி வழவழப்பாக இருந்தால் கேட்க நன்றாக இருக்கும், பிஸ்டனுக்கு நன்றாக இருக்காது.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. வலப்பக்கப் பற்களைவிட இடப்பக்கப் பற்கள் குட்டையாக இருந்தன. வலக்கைக்காரர்கள் ஒரு பக்கத்தை அழுத்தியும் மறு பக்கத்தைத் தடவியும் அரம் போடுவதால் வரும் வினை இது. அறுப்பு நேராக இறங்காமல் பிறை வடிவில் வளையும். பாருக்கும் என்ஜினுக்கும் வீண் சுமை. 5.2 மி.மீ. வட்ட அரத்தால் எல்லாப் பற்களையும் மிகக் குட்டையான பல்லின் அளவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நின்று வெட்டின் ஆழத்தைத் தீர்மானிக்கும் ரேக்கரைத் தட்டரத்தால் பல்நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்கும்படி தேய்த்தேன். வெள்ளத்தில் அடித்துவந்த மரங்களின் பட்டைக்குள் மணல் இருக்கும் என்பதால், பட்டையைக் கோடாலியால் சீவிவிட்டு அறுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

கொடுப்பதற்கு முன்பு பட்டறைக்குப் பின்னால் கிடந்த வேப்பங்கட்டையை நாற்பது நிமிடம் அறுத்துப் பார்த்தோம். இடையில் இரண்டு முறை சூட்டோடு அணைத்து, உடனே இழுத்தேன். இரண்டு முறையும் இரண்டாம் இழுப்பில் எடுத்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டியபோது மூக்கு வெளிர் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. பிஸ்டனை மாற்ற வேண்டுமா என்று அண்ணாச்சி கேட்டார்; 125 பி.எஸ்.ஐ. இருக்கும்வரை தேவையில்லை என்றேன். மேக்னட் பக்கத்து சீலும் அதே வெள்ளத்தில் மூழ்கியதுதான். அதன் அளவு வேறு. வைட்டானில் அன்று ஜங்ஷனில் எங்கும் கிடைக்கவில்லை. இப்போதைக்குக் கசியவில்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். சீலுக்குச் சொல்லி வைத்தாயிற்று. கார் நெல் அறுப்பு முடிந்ததும் மிஷினைத் திரும்பக் கொண்டுவருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.